கந்தளாய்க் குளமும் கிரகரி தேசாதிபதியும்

ஏப்ரல் விடுமுறையில் நுவரெலியாவுக்குப் போகும் நமது குடும்பங்கள் கிரகரி வாவியில் படகு ஏறாமல் திரும்புவதில்லை. கொழும்பு 7இல் கிரகரி வீதி இருக்கிறது. கொழும்பு நூதனசாலைக்கு முன்னால் புல்வெளியில் ஒரு வெள்ளைக்காரரின் சிலை நிற்கிறது. மூன்றும் ஒரே மனிதருக்குரியவை. 1872 முதல் 1877 வரை இலங்கையின் தேசாதிபதியாக இருந்த வில்லியம் ஹென்றி கிரகரிதான் அவர். கிண்ணியாவில் வரலாற்றுப் பாடம் கற்பித்த காலத்தில் அவரைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிட்டு அடுத்த தேசாதிபதிக்குப் போய்விடுவோம். பரீட்சைக்கு அதுவே போதும்.

ஆனால் திருகோணமலை மாவட்டத்தில் வாழும் எங்களுக்கு அவர் விட்டுப்போனது வாவியோ வீதியோ அல்ல. நகரத்தில் குழாயைத் திறந்தால் வரும் தண்ணீர் பெரும்பாலும் கந்தளாய்க் குளத்திலிருந்து வருகிறது. நூற்றாண்டுகளாக உடைந்து காடு மூடிக் கிடந்த அந்தக் குளம் மறுபடி கட்டி முடிக்கப்பட்டது கிரகரியின் காலத்தில்.

திருகோணமலை வளரப் போகிறது என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். எண்ணெய்த் தாங்கிகள், துறைமுக விருத்தி, நிலாவெளிப் பக்கம் ஹோட்டல்கள், கைத்தொழில் வலயம், கொழும்பிலிருந்து நெடுஞ்சாலை என்று திட்டங்கள் அடுக்கடுக்காக வருகின்றன. இத்தனைக்கும் தண்ணீர் எங்கிருந்து என்று கேட்டால் கிடைக்கும் பதில் ஒரே சொல்தான்: கந்தளாய். அந்தக் குளத்தை மீட்ட காலத்து ஆட்சியாளர் எப்படிப்பட்டவர், அவர் எதைக் கணக்கிட்டார், எதைக் கணக்கிடத் தவறினார் என்று பார்ப்பது இன்று நமக்கு மிகவும் பயன்படும் என்று நினைக்கிறேன்.

கிரகரி 1816இல் அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில் பிறந்தார். பாட்டனார் அயர்லாந்து நிர்வாகத்தில் மிக உயர்ந்த பதவி வகித்தவர். அவருக்கும் முந்திய தலைமுறையில் கிழக்கிந்தியக் கம்பனியில் சம்பாதித்த பணத்தில் கோல்வே மாவட்டத்தில் கூல் என்ற பெரிய பண்ணை நிலத்தை வாங்கியிருந்தார்கள். நமது பக்கத்துச் செல்வம் கப்பலேறிப் போய் அயர்லாந்தில் நிலமான கதை அது. கிரகரி ஹரோவிலும் ஒக்ஸ்போர்டிலும் படித்தார். படிப்பில் கெட்டிக்காரர், ஆனால் குதிரைப் பந்தயத்தில் அதைவிட அதிக நாட்டம். 1842இல், 25 வயதில், டப்ளின் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானார்.

அடுத்த சில வருடங்களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழிந்தது. ஏழை மக்களின் ஒரே உணவு அதுதான். 1845இல் தொடங்கிய பஞ்சம் ஓய்வதற்குள் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் இறந்தார்கள். அதற்குக் குறையாத தொகையினர் நாட்டை விட்டுப் போனார்கள். 1847இல் நிவாரணச் சட்டம் பாராளுமன்றத்துக்கு வந்தபோது கிரகரி அதில் ஒரு வாசகத்தைச் சேர்க்கும்படி பிரேரித்தார். கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவர் அந்த நிலத்தை விட்டுக்கொடுத்தால்தான் அரசாங்க நிவாரணம் பெறலாம் என்பது அதன் சாரம். எதிர்த்து வாக்களித்தவர்கள் ஏழே பேர்.

வரலாற்றில் இது கிரகரி வாசகம் என்றே பெயர் பெற்றுவிட்டது. நிவாரணம் உண்மையில் வசதியற்றவர்களுக்கு மட்டும் போக வேண்டும் என்பதுதான் அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் நிலச் சொந்தக்காரர்களிடம் குத்தகைக்குப் பயிரிட்ட சின்ன விவசாயியின் கதி என்ன? ஒன்று, பட்டினி கிடந்து நிலத்தைக் காப்பாற்ற வேண்டும். அல்லது நிலத்தைக் கையளித்துவிட்டுக் கஞ்சிக்கு வரிசையில் நிற்க வேண்டும். கையளித்தவர்களின் குடிசைகள் உடைக்கப்பட்டன. பஞ்சம் முடிந்த பிறகு திரும்பிப் போக அவர்களுக்கு இடமிருக்கவில்லை. அந்த விவசாயிகளில் ஒருவர்கூட அந்தச் சபையில் இருக்கவில்லை.

கிரகரி தனிப்பட்ட முறையில் கொடியவர் அல்ல என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். அவருடைய தந்தை அதே 1847இல், பஞ்சத்தில் வாடிய குடியானவர்களுக்கு உதவப் போய், காய்ச்சல் தொற்றி இறந்தார். மகனின் வாசகம் ஆயிரக்கணக்கானோரைத் தெருவில் நிறுத்திய அதே வருடம் தந்தை அவர்களுக்காக உயிரை விட்டிருக்கிறார். அந்தத் தேர்தலில் கிரகரி டப்ளின் தொகுதியையும் இழந்தார்.

பிறகு பத்து வருடம் வீணாகக் கழிந்தது. குதிரைப் பந்தயக் கடன் தலைக்கு மேல் ஏறி, பரம்பரை நிலத்தில் பெரும் பகுதியை 1850களில் விற்க நேர்ந்தது. அந்தக் காலத்தில் எகிப்துக்கும் தூனிஸுக்கும் பயணம் செய்து ஒரு பயண நூலையும் அச்சிட்டார். 1857இல் கோல்வே தொகுதியில் வென்று மீண்டும் பாராளுமன்றம் போனார். ஓவியங்களிலும் நூதனசாலைகளிலும் அவருக்கிருந்த ஈடுபாடு அங்கே பேர் பெற்றது. லண்டன் தேசிய ஓவியக் கூடத்தின் அறங்காவலர்களில் ஒருவராகவும் ஆனார். இலங்கைத் தேசாதிபதிப் பதவி கிடைத்தபோது வயது 55. அந்த வருடம்தான் திருமணமும் செய்தார். மனைவி இலங்கைக்கு வந்த மறு வருடமே, 1873இல், இங்கேயே இறந்துபோனார்.

அவர் வந்தபோது இலங்கையின் திறைசேரி நிரம்பியிருந்தது. காரணம் கோப்பி. கோப்பி இலையில் மஞ்சள் பொட்டாக வந்த நோய் 1869இலேயே தென்பட்டுவிட்டது, ஆனால் விலை நன்றாக இருந்ததால் யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. ஒரே பயிரை நம்பிய நாட்டுக்கு என்ன நடக்கும் என்பதை அயர்லாந்தில் கண்ணால் கண்ட மனிதர் இங்கே மறுபடி ஒரே பயிரின் பணத்தில் ஆட்சி நடத்த வந்தார். அந்தப் பணத்தில் கணிசமான பங்கை அவர் குளங்களில் போட்டார். அவர் போன சில வருடங்களில் கோப்பி அழிந்தது. குளங்கள் இருந்தன.

குளங்களை மீட்கும் எண்ணம் அவரோடு தொடங்கியதல்ல. 1855இல் வந்த ஹென்றி வார்ட் தேசாதிபதி 1856இல் நீர்ப்பாசனச் சட்டம் கொண்டுவந்து, இறக்காமம், அம்பாறைக் குளங்களைத் திருத்தினார். கிழக்கில் நமது விவசாயிகள் அவருக்குக் கடமைப்பட்டவர்கள். அடுத்து ரொபின்சன் அதைத் தொடர்ந்தார். கிரகரியின் பங்கு அதை ஒரு பிரதேசத்தின் வாழ்வா சாவா என்ற பிரச்சினையாகப் பார்த்தது. அநுராதபுரப் பக்கத்துக் கிராமங்களில் குளம் தூர்ந்து, பயிர் இல்லாமல், பறங்கிப் புண்ணோடு மக்கள் கிடந்தார்கள். கெட்ட தண்ணீர்தான் அந்த நோய்க்குக் காரணம் என்று அன்று நம்பினார்கள். அது தொடுகையால் பரவும் கிருமி நோய் என்பது பின்னால்தான் தெரிந்தது. காரணம் தவறு, ஆனால் கழுவவும் குளிக்கவும் தண்ணீர் கொடுத்த மருந்து சரி.

1873இல் அவர் வடமத்திய மாகாணம் என்று ஒரு புதிய மாகாணத்தையே உருவாக்கினார். வட மாகாணத்திலிருந்து நுவரகலாவியும் கிழக்கு மாகாணத்திலிருந்து தமன்கடுவையும் பிரிக்கப்பட்டன. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் இருந்த அதிகாரிகளுக்கு இந்தக் காட்டுப் பகுதிகள் எட்டவில்லை என்பது காரணம். அங்கே ஒரு நல்ல ஏற்பாடும் செய்தார்: கிராம மக்கள் தங்கள் உழைப்பால் குளக்கட்டைத் திருத்தினால், துருசை அரசாங்கம் இலவசமாகப் போட்டுக் கொடுக்கும். மண் வேலை ஊருக்குத் தெரியும், துருசு போட ஊரிடம் காசில்லை. யாரால் எது முடியும் என்று பிரித்த அந்த ஏற்பாட்டில் நூற்றுக்கணக்கான கிராமக் குளங்கள் உயிர் பெற்றன.

தமன்கடுவை பிரிந்ததை நமது மாவட்டத்தில் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. மின்னேரியாவும் கவுடுல்லையும் இருப்பது அங்கேதான். பழைய காலத்தில் அம்பன் கங்கைத் தண்ணீர் எலஹெர வாய்க்காலால் மின்னேரியாவுக்கு வந்து, அங்கிருந்து கவுடுல்லைக்கும் கந்தளாய்க்கும் சங்கிலிபோல இறங்கியது. கிரகரி காலத்தில் அந்தச் சங்கிலி அறுந்து கிடந்தது, ஆகவே யாரும் பொருட்படுத்தவில்லை. 20ஆம் நூற்றாண்டில் அது மறுபடி இணைக்கப்பட்டது. 1976இல் பொல்கொல்லையில் மகாவலி திருப்பப்பட்ட பிறகு மலைநாட்டு மழையும் அதில் சேர்ந்தது. இன்று மொரகஹகந்தை நீர்த்தேக்கத்திலிருந்து விடப்படும் தண்ணீரும் அந்த வழியாகத்தான் வருகிறது. கிழக்கின் குடிநீருக்கான மதகு வேறு மாகாணத்தில் இருக்கிறது. 1873இல் வரைபடத்தில் போட்ட ஒரு கோட்டின் பலன் இது.

இனிக் கந்தளாய்க்கு வருகிறேன். திருகோணமலையிலிருந்து கண்டி வீதியில் சுமார் 40 கிலோமீற்றர். கட்டு ஏறக்குறைய 14,000 அடி நீளம், 50 அடி உயரம். 7ஆம் நூற்றாண்டில் ஆண்ட இரண்டாம் அக்கபோதி மன்னன் கட்டியதாகச் சிங்கள வரலாற்று நூல்கள் கொள்ளும். குளக்கோட்டன் கட்டிக் கோணேசர் கோயிலுக்கு விட்டதாகத் தமிழ் மரபு சொல்லும். பின்னர் முதலாம் பராக்கிரமபாகு திருத்தினான். அதன் கீழே தம்பலகாமம் வரை விரிந்த வயல்களில் தமிழரும் முஸ்லிம்களும் தலைமுறைகளாகப் பயிரிட்டார்கள். யார் கட்டியது என்று சண்டை பிடிக்க நமக்கு நேரம் இருக்கிறது, யார் பராமரிப்பது என்று கேட்கத்தான் ஆளில்லை.

ரொபின்சன் காலத்தில் தொடங்கிய மீட்பு வேலை கிரகரி காலத்தில் முடிவடைந்தது. குளம் நிரம்பியது. ஆனால் ஆட்கள் வரவில்லை. தண்ணீர் கொடுத்தால் மக்கள் தாமாக வந்து காட்டை வெட்டி வயலாக்குவார்கள் என்ற எதிர்பார்ப்பு கந்தளாயில் பொய்த்தது. மலேரியாக் காய்ச்சல் ஒரு காரணம். காட்டை வெட்டி முதல் அறுவடை காணும்வரை ஒரு குடும்பம் என்ன சாப்பிடும் என்பதை யாரும் யோசிக்காதது இன்னொரு காரணம். பணம் போட்டுக் கட்டிய குளத்தின் தண்ணீர் நெடுங்காலம் முழுமையாகப் பயன்படவில்லை. பெரிய நீர்ப்பாசனத் திட்டங்களுக்கு எதிராகப் பேசியவர்களுக்குக் கந்தளாய் நல்ல உதாரணமானது. டீடீடீ மருந்தால் மலேரியா அடங்கி, சுதந்திரத்துக்குப் பிறகு அரசாங்கம் குடியேற்றத் திட்டம் போட்டு, வீடும் காணியும் கொடுத்த பின்னர்தான் கந்தளாய் நிறைந்தது. அந்தக் குடியேற்றம் மாவட்டத்தின் இன விகிதத்தை மாற்றிய கதை தனி. அதை இங்கே எடுத்தால் இந்தக் கட்டுரை முடியாது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிரகரி தண்ணீரைத் தேக்கிவிட்டு ஆட்களுக்காகக் காத்திருந்தார். நாம் ஆட்களையும் ஹோட்டல்களையும் தொழிற்சாலைகளையும் வரைபடத்தில் போட்டுவிட்டுத் தண்ணீரைத் தேடுகிறோம்.

அவருடைய மற்ற வேலைகள் இரண்டைச் சொல்லியாக வேண்டும். முதலாவது கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்பு. 1875 டிசம்பரில் பிரித்தானிய இளவரசர் வந்து அதற்கு அடிக்கல் வைத்தார். உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று திருகோணமலையில் இருக்க, திறந்த கடலில் கல்லைக் கொட்டிக் கொழும்பில் செயற்கைத் துறைமுகம் கட்டினார்கள். கோப்பித் தோட்டங்களுக்கும் ரயிலுக்கும் கொழும்பு கிட்ட என்பதால் வணிகக் கணக்கில் அது சரி. ஆனால் திருகோணமலை அதன் பிறகு கடற்படைத் தளமாகவே ஒதுங்கியது. பிரித்தானியக் கடற்படை 1957இல் போகும்வரை துறைமுகத்தின் தேவை ஒன்று, ஊரின் தேவை வேறொன்று என்ற நிலைதான். நகரத்துக்கென்று நீண்டகால நீர்த் திட்டம் தாமதமானதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம்.

இரண்டாவது கொழும்பு நூதனசாலை. 1877 ஜனவரி 1ஆம் திகதி திறக்கப்பட்டது. அதைக் கட்டி முடித்தவர் வாப்பிச்சி மரைக்கார் என்பதை நமது சமூகத்தில் அநேகர் அறிவார்கள். திறப்பு விழாவில் என்ன வெகுமதி வேண்டும் என்று தேசாதிபதி கேட்டதாகவும், வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடிவைக்கும்படி மட்டும் மரைக்கார் கேட்டதாகவும், அது ஏற்கப்பட்டதாகவும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அதே மரைக்கார் பின்னர் சித்திலெப்பையோடு சேர்ந்து 1892இல் ஸாஹிராவின் தொடக்கத்துக்கும் துணை நின்றார். கட்டடம் கட்டிய கூலியோடு போகாமல் ஒரு நிபந்தனையையும் கேட்டு வாங்கியவர் என்பதால் எனக்கு அவர் மீது தனி மதிப்பு.

1877இல் கிரகரி இலங்கையை விட்டுப் போனார். அந்த வருடம் கடலுக்கு அப்பால் சென்னை மாகாணத்தில் பெரும் பஞ்சம் நடந்துகொண்டிருந்தது. 1880இல் ஒகஸ்டா பெர்ஸ் என்ற இளம் பெண்ணை மணந்தார். அந்த அம்மையார் பின்னாளில் அயர்லாந்தின் பெரிய நாடக ஆசிரியையாகப் புகழ்பெற்றார். திருமணத்துக்குப் பிறகு இருவரும் கெய்ரோ போனார்கள். 1881இன் இறுதியில் அங்கே ஒராபி பாஷாவின் எழுச்சி நடந்துகொண்டிருந்தது. வெளிநாட்டுக் கடன்காரர்களின் பிடியிலிருந்து எகிப்தை விடுவிக்க எழுந்த அந்தப் படை அதிகாரியைக் கிரகரி சந்தித்து, அவருக்கு ஆதரவாக லண்டன் பத்திரிகைக்குக் கடிதங்கள் எழுதினார். மனைவியும் ஒராபியின் குடும்பத்தைப் பற்றி எழுதினார். போர் மூண்டபோது கிரகரியின் குரல் தணிந்தது. பழைய தேசாதிபதிக்கு ஒரு எல்லைக்கு மேல் போக முடியவில்லை. தோற்ற ஒராபி பாஷாவை 1883இல் பிரித்தானியர் நாடு கடத்தினார்கள். கடத்திய இடம் இலங்கை. 1901 வரை அவர் இங்கே இருந்ததும், நமது கல்வி விழிப்புக்கு அவர் தந்த ஊக்கமும் தெரிந்த விடயங்கள். கிரகரி ஆண்ட தீவு அவர் ஆதரித்த மனிதருக்குச் சிறையானது.

மனைவியோடு ஒரு தடவை மறுபடி இலங்கைக்கு வந்து போன கிரகரி, 1892 மார்ச் 6ஆம் திகதி லண்டனில் இறந்தார். அயர்லாந்தில் அவர் பெயர் இன்றும் கால் ஏக்கர் வாசகத்தால் நினைக்கப்படுகிறது. இலங்கையில் வாவியாலும் சிலையாலும். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்காவிட்டால் அந்த மனிதரைப் புரிந்துகொள்ள முடியாது. குளத்தைக் கட்டியதால் வாசகத்துக்குப் பிராயச்சித்தம் ஆகிவிட்டது என்று சிலர் எழுதுவார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இரண்டு இடத்திலும் மேலே இருந்து ஒருவர் தீர்மானித்தார், கீழே இருந்தவரிடம் யாரும் கேட்கவில்லை. ஒரு இடத்தில் பலன் நல்லதாகவும் மற்ற இடத்தில் கெட்டதாகவும் அமைந்தது, அவ்வளவுதான்.

இப்போது அந்தக் குளத்தின் இன்றைய நிலைக்கு வருவோம்.

கந்தளாய்க் குளம் முழுக் கொள்ளளவில் சுமார் 13.5 கோடி கன மீற்றர் தண்ணீர் கொள்ளும். ஓர் உதாரணக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு லட்சம் பேருக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 120 லீற்றர் என்று வைத்தால், வருடத்துக்கு ஏறக்குறைய 44 லட்சம் கன மீற்றர் வேண்டும். குளத்தின் கொள்ளளவில் அது நூற்றுக்கு மூன்றுக்குச் சற்று அதிகம். ஒரு ஏக்கர் சிறுபோகத்துக்கு 4 ஏக்கர் அடி தண்ணீர் என்று கொண்டால், அது ஏறக்குறைய 900 ஏக்கர் வயலின் தண்ணீர். குழாயில் கசிந்து போவதையும் ஹோட்டல், தொழிற்சாலைத் தேவையையும் சேர்த்து, மக்கள்தொகை மூன்று மடங்கானாலும், குளத்தின் சிறு பங்குதான் வரும்.

அப்படியானால் பிரச்சினை எங்கே? அளவில் அல்ல, காலத்தில். வயலுக்குப் போகத்தில் தண்ணீர் போதும், நகரத்துக்கு 365 நாளும் வேண்டும். ஒக்டோபர் கடைசியில் வடகீழ் பருவமழை தொடங்கும் முன், ஓகஸ்ட், செப்டெம்பரில் குளம் அடிமட்டத்துக்குப் போகிறது. அந்த நேரத்தில் வெயிலும் குளத்தின் மேலிருந்து ஒரு நாளைக்கு ஏறக்குறைய 5 மில்லிமீற்றர் தண்ணீரைக் குடித்துவிடும். சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்று ஏப்ரல் வாக்கில் கூட்டம் போட்டுத் தீர்மானிக்கிறார்கள். அந்தத் தீர்மானம்தான் செப்டெம்பரில் நகரத்துக்குத் தண்ணீர் இருக்குமா என்பதையும் தீர்மானிக்கிறது. மழை குறைந்த வருடத்தில் அதிகாரிகள் நகரத்துக்காகத் திடீரென்று துருசைப் பூட்டினால் விவசாயியின் பயிர் கருகும். பூட்டாவிட்டால் நகரம் பவுசருக்கு வரிசையில் நிற்கும். இரண்டிலும் நட்டப்படுவது நம்மவர்கள்தான். தம்பலகாமத்திலும் கந்தளாயிலும் வயல் வைத்திருப்பவரும் நமது ஆள், கிண்ணியாவிலும் நகரத்திலும் குழாயை நம்பியிருப்பவரும் நமது ஆள்.

கிணறு இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். நமது கரையோர ஊர்களில் நன்னீர் என்பது மணலுக்குள் உப்புநீரின் மேல் மிதக்கும் ஒரு மெல்லிய படலம். வாளியால் அள்ளியவரை அது தாங்கியது. மோட்டார் போட்டு இறைக்க இறைக்க, அடியிலிருந்து உப்பு மேலே ஏறுகிறது. சின்னச் சின்னக் காணித் துண்டுகளில் கிணற்றுக்குப் பக்கத்திலேயே மலசலகூடக் குழி. 2004 சுனாமி எத்தனை கிணறுகளைக் கெடுத்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. வளரும் நகரத்துக்குக் கிணறு மேலதிகம் மட்டுமே, அதை நம்பித் திட்டம் போட முடியாது.

ஒரே குளத்தை நம்புவதிலும் ஆபத்து உண்டு. 1986 ஏப்ரல் 20ஆம் திகதி விடியுமுன் கந்தளாய் அணை உடைந்தது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். ஆயிரத்துக்கும் அதிகமான வீடுகள் போயின. கட்டின் மேல் கனரக வாகனங்கள் ஓடியது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அக்கபோதி, பராக்கிரமபாகு, கிரகரி என்று மூன்று தடவை கட்டிய குளமும் ஒரு இரவில் போகலாம். 2006இல் இன்னொரு பாடம். மாவிலாற்றின் மதகு மூடப்பட்டதோடு போர் மறுபடி வெடித்தது. அந்த ஓகஸ்டில் மூதூர் முஸ்லிம்கள் உடுத்த துணியோடு நடந்து வந்து தஞ்சம் புகுந்த இடம் கந்தளாய். தண்ணீரின் மதகு யார் கையில் என்பது நமக்குப் புத்தகக் கேள்வி அல்ல.

ஆகவே நகரத்தின் நீண்டகாலத் திட்டம் என்று வரும்போது நாம் கேட்க வேண்டியவை என் பார்வையில் இவை. கந்தளாயில் குடிநீருக்கென்று ஒரு குறிப்பிட்ட மட்டத்துக்குக் கீழே உள்ள தண்ணீர் எழுத்து மூலம் ஒதுக்கப்பட வேண்டும். அந்த அளவு சிறுபோகக் கூட்டம் தொடங்கும் முன்பே விவசாயிகளுக்குத் தெரிய வேண்டும். அப்போதுதான் எத்தனை ஏக்கர் விதைப்பது என்று அவர்களால் நேர்மையாக முடிவெடுக்க முடியும். அந்த ஒதுக்கீட்டால் எந்த வயல் விதைக்கப்படாமல் விடப்படுகிறதோ அதற்கு நட்டஈடு நகரத்தின் தண்ணீர்க் கட்டணத்திலிருந்து வர வேண்டும். ஹோட்டலுக்கும் தொழிற்சாலைக்கும் அனுமதி கொடுக்கும்போது அவற்றின் தண்ணீர் எங்கிருந்து என்பதைச் சேர்த்தே கேட்க வேண்டும். அவை பாவித்த நீரைச் சுத்திகரித்து மறுபடி பாவிப்பது இன்று உலகெங்கும் நடப்பதுதான். இரண்டாவது ஒரு நீர்மூலத்தையும், அது மகாவலியின் கீழ்ப்பகுதியாக இருந்தாலும் சரி, இப்போதே ஆராயத் தொடங்க வேண்டும். குழாய் போட்டு முடிக்க வருடங்கள் ஆகும், கட்டடங்கள் அதற்கு முன்பே எழுந்துவிடும்.

இதையெல்லாம் யாரிடம் கேட்பது? நீர்ப்பாசனத் திணைக்களம், தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை, மகாவலி அதிகார சபை, நகர அபிவிருத்தி அதிகார சபை என்று நான்கு வாசல். நான்குக்கும் பொதுவான மேசை மாவட்டச் செயலகத்தில் நடக்கும் ஒருங்கிணைப்புக் கூட்டம். அங்கே நமது அரசியல்வாதிகள் வீதி, கட்டடம், நியமனம் என்று பேசுவதை நான் பல தடவை செய்தியில் வாசித்திருக்கிறேன். தண்ணீர் ஒதுக்கீட்டைப் பற்றி ஒருவர் பேசியதாக வாசித்த ஞாபகம் இல்லை. பள்ளிவாசல் சம்மேளனங்களும் விவசாய சம்மேளனங்களும் சேர்ந்து ஒரு பக்கக் கடிதம் ஒன்றை மாவட்டச் செயலாளருக்குக் கொடுக்கலாம். ஒரே ஒரு எண்ணைக் கேட்டால் போதும்: இந்த வருடம் செப்டெம்பர் மாதக் கடைசியில் நகரத்துக்காகக் குளத்தில் எத்தனை ஏக்கர் அடி மிச்சம் வைக்கப்படும்? வட்டவிதானைமாருக்கும் அதன் பிரதி போக வேண்டும். சிறுபோகக் கூட்டத்துக்கு முன்பே அது கையில் கிடைக்க வேண்டுமானால் கடிதம் பெப்ரவரியில் எழுதப்பட வேண்டும்.